ஆளில்லாத மூன்று நாட்களின் நெருப்பு

மகாவலியை ஒட்டி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் உயரமாக நிற்கிற செங்கல் புகைபோக்கி நான் கட்டியது. அதன் காலடியில் இருக்கிற மூன்று தகரக் கூரைகளும் நான் போட்டவை. ஆற்றுக்குள் சரிந்துவிடாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற கருங்கல் சுவரும் என்னுடையதுதான். ஒரு எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, இது அடுத்த மழைக்குத் தாங்காது என்று சொன்னார். அவர் மண்ணுக்குள் போன பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. சுவர் நிற்கிறது.

அக்குறணையில் வாடகைக்கு எடுத்த ஒரு மிளகாய் மெஷினோடு தொடங்கியவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். டீசல் கிடைக்காத காலத்தில், மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து விறகில் ஓடும் பொயிலரை, நீராவிக் கொதிகலனை, துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். வடக்கில் சண்டை, கொழும்பில் குண்டு, ரோட்டில் அடிக்கு அடி செக்பொயின்ட். லொறியில் ஒரு மூட்டை மிளகாய்த்தூள் ஏற்றினால் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார்கள். அந்த வருஷங்களில்தான் சோற்றையும் கறியையும் ஈயத்தாள் பைக்குள் அடைத்து, நீராவியில் அவித்து, ஒரு வருஷம் அலுமாரியில் கிடந்தாலும் கெடாத பொதியாகச் செய்து காட்டினேன். கண்டியில் அதை முதலில் செய்தவன் நான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னிடம் அனுப்புங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையைப் பற்றி என் பிள்ளைகள் பளபளப்பான தாளில் ஒரு புத்தகம் அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு பக்கம் அந்த நெருப்பைப் பற்றியது. அந்தப் பக்கத்தில் பிழை இருக்கிறது. அதைத் திருத்த மனசுள்ள ஆட்களில் உயிரோடு இருப்பது நான்தான்.

என்னுடைய பொதிகள் எல்லாம் ஹலால். அதில் எனக்கு ஒரு சிக்கலும் இருந்ததில்லை. கோழியை நம்முடைய ஆள் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும், இரத்தம் வடிய வேண்டும், பன்றியும் சாராயமும் கிட்ட வரக்கூடாது. மரக்கறி என்றால் அதற்கும் மேல் கேள்வி இல்லை. லண்டன் பக்கமிருந்து ஒரு வியாபாரி கடிதம் எழுதி, யஹூதிகள், அதாவது யூதர்கள், அவர்களுடைய மதச் சட்டப்படி சாப்பிடும்படியான கோஷர் பொதி செய்து தர முடியுமா என்று கேட்டபோது, இது என்ன பெரிய விஷயம், அவர்களும் பன்றி தின்னாத ஆட்கள்தானே என்று நினைத்தேன். செய்கிறேன் என்று பதில் போடச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் எழுதுவது என் மூத்த மகன். அவனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்ததும் நான்தான்.

அக்குறணைக் கடைத்தெருவில் விஷயம் பரவியது. கறுவாப்பட்டைக் கடைக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"யஹூதிக்குச் சோறாக்கப் போறீங்களாம் நானா. மிச்சம் ஈந்தா நமக்கும் ஒன்டு அனுப்புங்க."

"உங்களுக்குக் கட்டாது. நீங்க பூச்சி பாக்காம எலை திங்கிற ஆள்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் யஹூதிகளுடைய பரிசோதகர், பொதி கோஷர்தான் என்று பார்த்து முத்திரை குத்துகிறவர். அவர் அதற்குள் வந்து இறங்கியிருந்தார். ஒல்லியான, வெள்ளைத் தாடி வைத்த கிழவர். கறுப்புக் கோட்டை இந்தச் சூட்டிலும் கழற்றமாட்டார். என் வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்பினேன், தொடவில்லை. நம் ஊரில் வாழைப்பழமும் செவ்விளநீரும் தவிர வேறெதுவும் அவர் வாய்க்குள் போனதை நான் பார்க்கவில்லை.

முதல் நாளே என் கோழிப் புரியாணியைத் தள்ளிவிட்டார். எங்கள் ஆள் அறுத்த கோழி அவர்களுக்கு ஆகாது. அவர்களுடைய ஆள்தான் அறுக்க வேண்டும், கத்தியில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் ஒரு பிசிறு தட்டக்கூடாது, பிறகு இறைச்சியை உப்பில் கிடத்தி மிச்ச இரத்தத்தையும் எடுக்க வேண்டும். போதாததற்கு நான் கோழியோடு தயிர் சேர்த்திருந்தேன். பாலும் இறைச்சியும் ஒரு பானையில் சேர்ந்தால் பானையே தீட்டு. இறால் கறியும் போனது. செதிலும் செட்டையும் இல்லாதது மீனில் சேராது என்றார். சரி, மரக்கறிதான் என்று முடிவானது. மஞ்சள் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி. தேங்காய்ப்பாலை மாட்டுப்பாலென்று எண்ணி அவர் திடுக்கிட்டதையும், என் மகன் ஒரு தேங்காயை அவர் முன்னால் உடைத்துத் துருவிப் பிழிந்து காட்டியதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மரக்கறிதானே என்று நான் விட்ட பெருமூச்சு அரைநாள் தாங்கவில்லை. கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் பரப்பி, அடியில் பல்ப் எரியவிட்டு, பூச்சி பார்த்தார். இலை கழுவுகிற பெண்கள் பத்துப்பேரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினார். ஒரு நாள் சமையல்காரி கைப்பழக்கத்தில் பருப்புக்குள் ஒரு சிட்டிகை மாசிக் கருவாடு போட்டுவிட்டாள். மாசி இல்லாமல் இந்த நாட்டில் யாருக்குக் கை வரும். அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பானை முழுவதையும் ஆற்றில் கொட்டவைத்து, பானையை ஒரு நாள் முழுக்கச் சும்மா கவிழ்த்துவைத்து, மறுநாள் கொதிநீரில் அவித்து எடுத்தார்.

கடைசியில் நெருப்புக்கு வந்தார். அடுப்பை அவர்களுடைய மதத்து ஆள் பற்றவைக்க வேண்டும். அப்படிப் பற்றவைத்த நெருப்பில் யார் சமைத்தாலும் சரி. அந்த நெருப்பு அணைந்து வேறொருவர் மறுபடி பற்றவைத்தால் அதற்குப் பிறகு சமைத்தது அவர்களுக்கு ஆகாது. என் தொழிற்சாலையில் அடுப்பென்பது பொயிலர்தான். அதன் வாய்க்குள் அவர் ஒரு புதன்கிழமை காலையில் தன் கையால் தீக்குச்சி உரசிப் போட்டார். தீப்பெட்டியை நீட்டியவன் என் பொயிலர்காரன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவன், தமிழன், என் வயதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் பொயிலர் பார்த்தவன். அந்தப் பொயிலரை வாங்கியபோது அதோடு சேர்த்து அவனையும் கூட்டிவந்தேன். விறகை மரப்பட்டை கீழே இருக்கும்படிதான் அடுக்குவான். சாம்பலை வாரினால் நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் வாரி வைப்பான். அவனுடைய மனைவி இலை கழுவுகிற பெண்களில் ஒருத்தி. அந்தக் கிழவருக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் பொயிலர் வாய்க்கு முன்னால் மணிக்கணக்காக நின்று நெருப்பைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஏதோ நான் இல்லாத பேச்சு நடப்பதுபோல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் கிழவர் கொழும்புக்குப் போனார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், ஒரு வேலையும் தொடமாட்டார்கள். போவதற்கு முன் பொதி வைக்கிற அறையின் கதவிலும், பொயிலர் அறையின் பின்கதவிலும் தங்கள் மொழி எழுத்துகள் அச்சடித்த காகிதப் பட்டியை ஒட்டினார். யாராவது திறந்தால் பட்டி கிழியும். முன் கேற்றின் பூட்டுச் சாவி என் மடியில். நெருப்பு அணையக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை நடுப்பகலில் கலவரம் தொடங்கிவிட்டது. எங்கே தொடங்கியது, யார் யாரை அடித்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது, கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிற சத்தம் ஆற்றுத் தண்ணீர்மேல் வந்தது, ரேடியோவில் ஊரடங்கு என்றார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன். பொயிலர்காரன் மட்டும் அசையவில்லை.

"நெருப்ப விட்டுட்டு எப்படிங்க மொதலாளி போறது?"

"நான் பாத்துக்கிறன். பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டு நீ போ."

"நீங்க வருவீங்கதானே?"

வருவேன் என்றேன். அவனைத் தோளில் பிடித்து வெளியே தள்ளி, கேற்றைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ப் பெண்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பி வருவதாகத்தான் என் எண்ணம். திரும்பியபோது ரோட்டில் இராணுவம் நின்றது. ஒரு ஈயும் தாண்ட முடியவில்லை. அந்தப் பொயிலரில் நெருப்பைச் சாம்பலால் மூடிவைத்தால் ஒரு ராத்திரி கனன்று கிடக்கும். அதற்கு மேல் அது வெறும் குளிர்ந்த அடுப்பு. ஞாயிறும் திங்களும் வீட்டில் உட்கார்ந்து, அது அணைந்துபோய்விட்டது என்றே நான் எண்ணிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஊரடங்கைத் தளர்த்தினார்கள். நானும் மகனும் ஏழு மணிக்கு கேற்றடியில் நின்றோம். ஆற்றில் மூடுபனி இன்னும் விலகவில்லை. அதற்கு மேலே, என் புகைபோக்கியிலிருந்து மெல்லிய புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

பூட்டு நான் பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை, நீராவி மட்டும் எங்கோ சன்னமாகச் சீறியது. பொயிலர் அறைக்குள் போனேன். வாய்க்குள் நெருப்பு நன்றாக எரிந்தது. விறகு பட்டை கீழே இருக்கும்படி அடுக்கியிருந்தது. சாம்பல் ஒரே கோட்டில் வாரியிருந்தது. தண்ணீர்க் கண்ணாடியில் தண்ணீர் சரியாகப் பாதியில் நின்றது. யாராவது கைப்பம்பினால் தண்ணீர் அடிக்காமல் அது அங்கே நிற்காது. சுவரோரம் மூன்று அடுக்கு விறகு வைத்திருந்தோம். முதல் இரண்டும் தீர்ந்துபோயிருந்தன. மூன்றாவதில் ஒரு கட்டைகூடக் குறையவில்லை. பின்கதவில் கிழவரின் பட்டி ஒட்டியபடியே இருந்தது, மூலைகூட எழும்பவில்லை. சாம்பல் படிந்த தரையில் என் செருப்புத் தடம் மட்டும் இருந்தது.

மகன் என் பின்னால் வந்து நின்றான். "வாப்பா, இங்க யார் ஈந்த?" என்று கேட்டான். அவன் கிசுகிசுத்ததைப் பார்த்து நான் போய்ப் பின்கதவுப் பட்டியை மறுபடி தடவிப் பார்த்தேன்.

ஆனால் நான் எளிதில் பயப்படுகிற ஆள் இல்லை. பொயிலர்காரன்தான் என்று முடிவு செய்தேன். ஆற்றுப் பக்கம் சாம்பல் தள்ளுகிற ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள் என் தோள் போகாது. அவன் ஒல்லி, நுழைந்திருப்பான். ஊரடங்கு தளர்ந்ததும் அதே வழியாக இறங்கி வீட்டுக்குப் போயிருப்பான். அவன் வந்தால் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டும் என்று நினைத்தேன். தரையில் அவன் கால்தடம் ஏன் இல்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர், கடைக்குள்ளேயே குடியிருப்பவர். ஞாயிறு பின்னேரம் ஒரு கூட்டம் கையில் பெற்றோல் கேன்களோடு ஆற்றோர ரோட்டில் வந்ததாகச் சொன்னார். உள்ளே யார் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். முதலாளி பூட்டிவிட்டுப் போய்விட்டார், ஆள் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் புகைபோக்கி கரும்புகை கக்கியது, புது விறகு போட்டால் வருமே அந்தப் புகை. உள்ளே பொயிலரின் இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கூட்டம் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்ததாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்களாம். ராத்திரியும் பகலும் அந்தப் புகை ஒரே சீராக வந்தது, திங்கள் பின்னேரம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மறுபடி வந்தது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உள்ளே யாரையோ ஒளித்துவைத்திருந்தேன் என்று நினைத்தாரோ என்னவோ.

லண்டன்காரருக்கான கொள்கலன் அடுத்த வாரம் கப்பல் ஏற வேண்டும். அதுதான் முதல் கொள்கலன். அது போகாவிட்டால் அந்த வியாபாரி வேறு நாட்டுக்குப் போய்விடுவார், இலை கழுவுகிற பெண்களுக்கு வேலை இல்லை, எனக்கும் இந்தப் பொயிலரால் பயன் இல்லை. கொழும்பில் ஹோட்டலை விட்டு வெளியே போகக்கூடாது என்று கிழவரைத் தடுத்து வைத்திருந்தார்கள். மகன் டெலிபோன் எடுத்தான். நெருப்பு எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றான். அது உண்மை. அப்படியானால் சமையுங்கள், ரோடு திறந்ததும் வருகிறேன் என்றார்.

ஐந்து நாள் சமைத்தோம். பொயிலர்காரனும் மனைவியும் வேலைக்கு வரவில்லை. பயத்தில் லயத்தை விட்டு இறங்கவில்லை என்று நினைத்தேன். நானே விறகு போட்டேன். இரண்டு கையிலும் கொப்புளம். அறுபதை நெருங்கிய முதலாளி ஒருவன் ஐந்து நாள் நின்று பொயிலர் பார்த்ததாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஐந்து நாளும் நான் விறகு எறியும்போதெல்லாம், எறிகிற கை எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு போவதுபோல் இருந்தது. பட்டை கீழே விழும்படி எறிய நான் ஒரு நாளும் பழகியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டையும் அப்படித்தான் விழுந்தது.

சனிக்கிழமை ஒரு தோட்டத்து ஆள் சேதி கொண்டுவந்தான். பொயிலர்காரன் கண்டிப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான்.

போனேன். தலையில் கட்டு, கண் மட்டும் தெரிந்தது. மனைவி கட்டிலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவர்களை வெளியே தள்ளிக் கேற்றைப் பூட்டிய அன்றே, இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் அடித்திருக்கிறார்கள். இராணுவ லொறி ஒன்று இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறது. சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து மூன்று நாள் அவனுக்கு நினைவே இல்லை.

எந்தச் சனிக்கிழமை என்று இரண்டு தரம் கேட்டேன். போன சனிக்கிழமை என்று அவள் இரண்டு தரமும் சொன்னாள்.

பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கண்ணே தொறக்கலீங்க. ஆனா வலது கை மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. வெறகு எறியிற மாதிரி. கொஞ்ச நேரம் எறியும், அப்புறம் சும்மா கெடக்கும், அப்புறம் எறியும். திங்கக்கெழம பொழுது சாயிற நேரம், ஊசி கழண்டுரும்னு நர்ஸம்மா கையக் கட்டில்ல கட்டிப்புட்டாங்க. எனக்குப் பொறுக்கல. அவங்க போனதும் அவுத்து விட்டுட்டேன். செவ்வாக்கெழம காலைல ஏழு மணி இருக்கும், கை தானா நின்னுருச்சுங்க. அதுக்கப்புறந்தான் கண்ணத் தொறந்தாரு."

ஏழு மணி. நான் கேற்றைத் திறந்த நேரம்.

நாங்கள் பேசுகிற சத்தத்தில் அவன் விழித்தான். என்னைப் பார்த்தான். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவன் பேசினான். குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"மூணாவது அடுக்கு ஈர வெறகுங்க. அதப் போட்டுறாதீங்க."

அது ஈர விறகென்று அவன் எனக்கோ வேறு யாருக்குமோ சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை நான் அதிலிருந்து ஒரு கட்டையைப் போட்டு, புகையில் கண் எரிந்து, வேறு விறகு வாங்கிப் போட்டவன். நான் குனிந்து அவன் காதருகே கேட்டேன், திங்கட்கிழமை அது அணைந்ததா என்று. அவன் தன் வலது கையைத் தூக்கி, மணிக்கட்டில் துணி இறுக்கிய தழும்பைப் பார்த்தான்.

"கையக் கட்டிப்புட்டாங்களே, மொதலாளி."

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிழவர் வந்தார். பொதிகளெல்லாம் பெட்டியில் அடுக்கித் தயாராக இருந்தன, அவருடைய முத்திரை ஒன்றுதான் பாக்கி. அவர் வருவதற்கு முன் மகன் என்னை அலுவலக அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான். நடந்ததெல்லாம் அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

"வாப்பா, அணயல்லன்னு ஒரு வார்த்த செல்லுங்க, போதும். அவர் போய் நெருப்புக்கிட்டயா கேக்கப் போறார்?"

"நான் கண்டனா மகன்?"

"நீங்க காணாட்டி என்ன, நீங்க வரக்கொள்ள எரிஞ்சிக்கிட்டுத்தானே ஈந்த. நம்மட ஹலால்ல இப்பிடியெல்லாம் தோண்டிக் கேக்கிறல்லயே. பிஸ்மி செல்லிப் போட்டுத் திங்கச் செல்லித்தானே ஈக்கி."

அவன் சொன்னது சரி. ஒரு முஸ்லிம் இது ஹலால் என்று கையில் தந்தால் நாங்கள் அவன் வீட்டு அடுப்பைப் போய்த் தோண்டுவதில்லை. அவன் நாக்குத்தான் அதற்கு முத்திரை. அதனால்தான் என் நாக்கைப் பற்றி எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருஷமாக என் பொதிகளை ஊர் தின்றது இந்த நாக்கை நம்பித்தான்.

கிழவர் கதிரையில் உட்கார்ந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. மகன் அதைத் தமிழில் சொன்னான்: நான் போன பிறகு நெருப்பு அணைந்ததா?

நான் தமிழில் என்ன சொன்னாலும் மகன் அதை வேறு மாதிரி மாற்றிச் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரியும். என் நன்மைக்காகத்தான் செய்வான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில் தேடி எடுத்தேன்.

"ஐ டோன்ட் நோ" என்றேன்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாழ்நாளில் அந்த வார்த்தையை எந்த மொழியிலும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஊரில் எவரும் கேட்டதில்லை.

கிழவர் எழுந்து பொயிலர் அறைக்குப் போனார். பின்கதவுப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். பட்டி முழுசாக இருந்தது. மிச்சத்தையும் சொல் என்றேன், மகன் இப்போது ஒன்றும் விடாமல் சொன்னான். தேத்தண்ணிக் கடைக்காரர் கண்ட புகை, கை, கட்டிய துணி, ஈர விறகு. கிழவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் விறகின்மேல் உட்கார்ந்து, கையைக் கட்டியது எத்தனை மணிக்கு என்று கேட்டார். பொழுது சாயும் நேரம் என்றேன். புகை நின்றது எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதே நேரம் என்றேன். அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொயிலர்காரனும் அவருமாக முன்பு பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பக்கத்தில் ஆள் நிற்பதற்கு இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் முறை இப்படி, தெரியாததைப் பற்றி எங்களிடம் கேள்வி கிடையாது என்று நான் சொன்னேன். மகன் அதை இங்கிலீஷில் சொன்னான். கிழவர் யோசித்துச் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதது உங்களை விட்டுவிடுகிறது. எங்களுக்குத் தெரியாதது எங்களோடு வந்து மேசையில் உட்கார்ந்துகொள்கிறது."

அன்றே அவருடைய பெரியவர்களுக்கு டெலிபோன் எடுத்தார். மூன்று நாள் யாரோ உள்ளே இருந்திருக்கிறார், யார் என்று தெரியாது, நெருப்பு அதே நெருப்பா என்றும் தெரியாது, ஆகவே முத்திரை இல்லை என்று பதில் வந்தது. ஐந்து நாள் சமைத்த பொதிகளுக்குக் கோஷர் முத்திரை இல்லை. முதல் கொள்கலன் போகவில்லை.

நெருப்பை அணைத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும் என்றார். நான் ஒரு மணித்தியாலம் கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "நெருப்ப அணைக்கப் போறன்" என்று அவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்து, "சரிங்க" என்றான். வலது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். அதன் பிறகுதான் வந்து தண்ணீர் ஊற்றினேன். அது அணைய வெகுநேரம் எடுத்தது.

அந்தப் பொதிகளை வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தமிழரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டவர்கள் சாப்பிட்டார்கள், சொல்லாதவர்களும் சாப்பிட்டார்கள். ஒருவரும் நெருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

வியாபாரி வேறு நாட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நாங்கள் இருந்தோம். போகவில்லை. கிழவர் லண்டனுக்கு எழுதிய கடிதத்தை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். பூட்டும் பட்டியும் முழுசாக இருந்தும், கேட்டபோது தெரியாது என்று சொன்ன ஒரு முதலாளியை இங்கே கண்டேன், இவரிடம் வாங்கலாம் என்று எழுதியிருந்தார். அடுத்த கொள்கலன் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ போயின. பொயிலர்காரன் இரண்டு மாதத்தில் எழும்பி வந்து, தன்னால் முடிந்தவரை என்னிடமே வேலை செய்தான். அந்த மூன்று நாட்களைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிழவரும் அவனும் இப்போது இல்லை.

பிள்ளைகளின் புத்தகத்தில் இப்படி இருக்கிறது: கலவர நாட்களிலும் எங்கள் பொயிலரின் உறுதியான கட்டமைப்பினால் நெருப்பு மூன்று நாள் அணையாமல் எரிந்தது, அதனால் நம்பிக்கை பெற்று ஏற்றுமதி தொடங்கியது. ஊர்ப் பெண்கள் சிலர் அது ஒரு அவுலியாவின் கராமத், இறைநேசர் ஒருவரின் அற்புதம் என்கிறார்கள். பொயிலர்காரனின் தோட்டத்து ஆட்களிடம் வேறு கதை இருக்கிறது.

பொயிலரை நான் அறிவேன், நான்தான் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினேன். அது ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. மூன்று நாள் விறகு போட்டவரின் பங்கை யாருக்கு எழுத வேண்டுமோ அவருக்கு எழுதுங்கள், அல்லது அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வராமல் இருந்தவன் நான்.

ஆனால் ஏற்றுமதி தொடங்கியது நெருப்பினால் இல்லை. கட்டமைப்பினாலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக அறையில், பெட்டிகளெல்லாம் கட்டிக் கிடக்க, மகன் பக்கத்தில் நிற்க, தெரியாது என்று சொன்னவன் நான். அதைப் புத்தகத்தில் போடுங்கள். அடுத்த பதிப்பில், அதே பக்கத்தில், என் பெயருக்கு நேராகப் போடுங்கள். புகைபோக்கியையும் சுவரையும் வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.